தோள் இறுக்கத்துக்கு ஐந்து மாத பிசியோதெரபி: வலியை அவர்கள் கையாண்ட விதம்

இடது தோளில் ஏற்பட்ட இறுக்கத்துக்காக, அதாவது மருத்துவர்கள் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று சொல்லும் தோள்பட்டை உறைவுக்காக, ஒரு பிசியோதெரபி நிலையத்தில் ஐந்து மாதங்களில் 31 அமர்வுகளை முடித்திருக்கிறேன். அந்த நிலையத்தின் சேவையைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. வலியோடு ஓர் இடத்தைத் தேடுகிறவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது, அங்கே சிகிச்சையின்போது வலிக்குமா, எவ்வளவு வலிக்கும், வலிக்கிறது என்று சொன்னால் காதில் வாங்கிக்கொள்வார்களா என்பதுதான் என்பதால், அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஒரே நிலையத்திலும் ஆளுக்கு ஆள் கைப்பக்குவம் மாறுகிறது. பெயரைவிட அவர்கள் செய்தது என்ன என்பதே படிப்பவருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை அழற்சியடைந்து, தடித்து, சுருங்கிவிடுவதால் கை எந்தப் பக்கமும் முழுதாகத் திரும்பாமல் போவதுதான் இந்த உறைவு. 1934இல் அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இதற்கு ‘உறைந்த தோள்’ என்று பெயர் வைத்தபோதே, இதை வரையறுப்பதும் கடினம், இதற்கு மருத்துவம் செய்வதும் கடினம் என்று எழுதிவிட்டார். பெரும்பாலும் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எனக்கு வயது 53, ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. முதல் சில மாதங்களில் வலிதான் மிகுதி, அதிலும் இரவில் தாங்க முடியாது. பிறகு வலி தணிந்து இறுக்கம் மிகும். அதற்கும் பிறகு இறுக்கம் மெல்லமெல்ல விட ஆரம்பிக்கும். மொத்தத்தில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்வரை ஆகலாம். இந்த மூன்று கட்டங்களில் நாம் எதில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையில் எவ்வளவு வலியை அனுமதிக்கலாம் என்பதும் மாறுகிறது. நான் முதலில் சென்ற வேறோர் இடத்தில் இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த முதல் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் ஒப்பீடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் நாளே என்னைப் படுக்கவைத்து, ஒரு கையால் தோள்பட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் இடக்கையைத் தலைப்பக்கம் தள்ளினார்கள். நான் அலறியதும், ‘வலிச்சாதாம்மா சரியாகும், பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கங்க’ என்றார் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட். பதினோரு நாள் பொறுத்துக்கொண்டேன். தள்ளி முடித்த கையோடு அளந்தால் கை கொஞ்சம் உயர்ந்தாற்போல் இருக்கும்; இரவெல்லாம் தோளைக் குடைந்தெடுக்கும்; மறுநாள் காலையில் பார்த்தால் கை பழைய இடத்திலேயே நிற்கும். நான்காம் நாளுக்குப் பிறகு, அந்தப் படுக்கையைப் பார்த்ததுமே தோள் தானாகக் காதுப்பக்கம் ஏறிக்கொண்டது. வலி வரப்போகிறது என்று தெரிந்த உடம்பு, தசைகளை இறுக்கி மூட்டைக் காக்கப் பார்க்கிறது; அப்படி இறுகிய தசையோடு மல்லுக்கட்டி இழுத்தால் மூட்டு உறை நீள்வதற்கு முன்பே தசைதான் அடிபடுகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. வலிக்காமல் இறுக்கம் விடாது என்ற நம்பிக்கை அவ்வளவு பரவலானது. என் வீட்டாரும் அதையே சொல்லி என்னைத் திரும்பத்திரும்ப அனுப்பிவைத்தார்கள். ஆனால் அந்தப் பதினோரு நாளும் என்னை முன்னேற்றவில்லை, பின்னுக்குத்தான் தள்ளின என்று அடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர் சொன்னார். அவர் எக்ஸ்ரே எடுத்து வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். சர்க்கரை சில நாளைக்கு ஏறும், ஒரு வாரம் அடிக்கடி சோதித்துப் பாருங்கள் என்று எச்சரித்தார், அதேபோல் ஏறியது. ஊசி போட்ட இரண்டாவது வாரத்தில், இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் நிலையத்துக்குச் சென்றேன்.

முதல் அமர்வு ஐம்பது நிமிடம் நடந்தது. அதில் முக்கால் பங்கு நேரம் என் தோளை யாரும் தொடவே இல்லை. எனக்கு ஒதுக்கப்பட்ட பிசியோதெரபிஸ்ட், முப்பதை ஒட்டிய வயதுள்ள பெண், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார். நடக்கும்போதோ படி ஏறும்போதோ இடத்தோளில் வலி கூடுகிறதா, அதோடு நெஞ்சில் அழுத்தமோ மூச்சிரைப்போ வியர்வையோ உண்டா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இடக்கை வலி இதயத்திலிருந்தும் வரலாம், அதுவும் நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி தெளிவாகத் தெரியாமலும் போகலாம் என்பதால், அதை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன் என்றார். முதல் இடத்தில் இதை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து வந்ததுதான் என் மனத்தில் நின்றுபோன கேள்வி. ‘வலிக்குதுன்னு சொல்றீங்களே அம்மா, எப்படி வலிக்குது? இழுக்குதா, குத்துதா, குடையுதா, எரியுதா?’ என்று கேட்டார். எல்லாம் ஒன்றுதானே என்றேன். இல்லை என்று பொறுமையாக விளக்கினார். கையை நீட்டும்போது இழுத்துப் பிடிப்பது போலிருந்து, கையை இறக்கியதும் அந்த இழுப்பு விட்டுவிட்டால் அது நீட்டப்படுகிற திசுவின் உணர்வு. அதோடு வேலை செய்யலாம். ஒரே புள்ளியில் சுருக்கென்று ஊசி ஏற்றியது போல் குத்தினால், எலும்புகளுக்கு இடையில் ஏதோ நசுங்குகிறது என்று பொருள் கொள்ளலாம்; கையின் கோணத்தை மாற்ற வேண்டும். சும்மா இருக்கும்போதே, குறிப்பாக இரவில், உள்ளே குடைந்தால் அழற்சி இன்னும் அடங்கவில்லை. அன்றைக்கு நீட்டலையே விட்டுவிட வேண்டும். எரிச்சலோ, மரமரப்போ, மின்சாரம் அடித்தாற்போல் கைவிரல்வரை ஓடுவதோ இருந்தால் அது நரம்பு. உடனே நிறுத்திவிட்டு அவரிடம் சொல்ல வேண்டும். நாம் அன்றாடம் பேசுகிற சொற்கள்தாம் இவை, ஆனால் அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவை வைத்திருந்தார். ‘வலி’ என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டிருந்த எனக்கு, என் உடம்பைப் பற்றி விளங்கும்படி சொல்ல அன்றுதான் சொற்கள் கிடைத்தன.

பிறகு மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை எடுத்து அளந்தார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். வலக்கை 70 டிகிரி திரும்பியது, இடக்கை 10 டிகிரியில் நின்றுவிட்டது. உறைவில் முதலில் பறிபோவது இந்த வெளிச்சுழற்சிதான் என்றார். பக்கவாட்டில் கை 70 டிகிரி உயர்ந்தது, அதுவும் தோளைத் தூக்கி ஏமாற்றித்தான். கையை முழுவதுமாக உயர்த்தும்போது தோள் மூட்டு ஏறத்தாழ 120 டிகிரியையும், முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பு 60 டிகிரியையும் பகிர்ந்துகொள்கின்றன. மூட்டு இறுகிவிட்டால் தோள்பட்டை எலும்பு தன் பங்கை முந்திக்கொண்டு செய்ய, கழுத்துத் தசைகள் கல்லாகிவிடுகின்றன. எனக்கு மாதக்கணக்காக இருந்த கழுத்துவலிக்கும் காரணம் இதுதான் என்று அறிந்தபோது பெரிய நிம்மதி.

கிளம்பும்போது ஒரு சிறிய அட்டையைக் கொடுத்தார். அதில் நாளுக்கு மூன்று கட்டங்கள்: பயிற்சியின்போது, அன்று இரவு, மறுநாள் காலை. ஒவ்வொன்றிலும் வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு எழுத வேண்டும். முதல் ஆறு வாரம் பயிற்சியின்போது 3ஐத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு 5 வரை போகலாம். ஆனால் எந்தக் கட்டத்திலும் மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டும் போகக் கூடாது. 1997இல் சுவீடனைச் சேர்ந்த ரோலன்ட் தோமே முழங்கால் வலிக்கான பயிற்சிக்கு வகுத்த வலிக் கண்காணிப்பு முறையிலிருந்து இது வந்தது என்றும், அதைத் தோளுக்குத் தாங்கள் சற்று இறுக்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். ஒவ்வொரு அமர்வும் அந்த அட்டையைப் பார்ப்பதில்தான் தொடங்கியது. ‘நேத்து ராத்திரி எப்படித் தூங்கினீங்க?’ என்று கேட்காமல் ஒரு நாளும் யாரும் என் கையைத் தொட்டதில்லை. 31 அமர்வுகளில் ஒருமுறைகூடத் தவறவில்லை என்பதை நான் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஓர் அமர்வு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். படுக்கையின் இடது விளிம்பில் மல்லாந்து படுத்திருப்பேன். முழங்கைக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைப்பார். முழங்கை பின்னால் சரிந்துவிட்டால் மூட்டின் முன்பக்கம் இழுபடும், அதனாலேயே பலருக்கு மல்லாந்து படுத்தாலே வலிக்கிறது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு கை என் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருக்கும். மறு கையின் அடிப்பகுதியைக் கை எலும்பின் தலைப்பகுதியில், அக்குளுக்குச் சற்று மேலே பதித்து, கைக்கடிகாரத்தின் முள் நகர்வது போன்ற சிறுசிறு அசைவுகளாக அதைக் கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் நகர்த்துவார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். ஆஸ்திரேலியரான ஜெஃப்ரி மெய்ட்லண்டு வகுத்த மூட்டு அசைவு முறை இது. முதல் இரண்டு படிகள் வலியைத் தணிப்பதற்கு, மூன்றாவதும் நான்காவதும் இறுக்கத்தை நீக்குவதற்கு. முதல் ஆறு வாரமும் முதல் இரண்டு படிகளைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில் அவருடைய பார்வை என் தோளில் இருக்காது, முகத்தில் இருக்கும். நான் வாய் திறப்பதற்கு முன்பே, புருவம் சுருங்கியதைப் பார்த்தோ மூச்சை நான் அடக்கியதை உணர்ந்தோ கையைத் தளர்த்திவிடுவார். ‘எங்க நிறுத்தணும்னு நீங்க சொல்லுங்க, அங்கேயே நிறுத்திக்கிறேன். நிறுத்தச் சொன்னதுக்காக நான் வருத்தப்பட மாட்டேன்’ என்று முதல் நாள் சொன்னார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், தோள் காதுப்பக்கம் ஏறாமல் படுக்கையில் தானாகக் கிடப்பதை நானே கவனித்தேன். அன்று வெளிச்சுழற்சி 18 டிகிரி வந்திருந்தது. முதல் இடத்தில் கதறக்கதற இழுத்து வாங்க முடியாத எட்டு டிகிரி அது.

வெந்நீர்ப் பொதி ஒத்தடம் கொடுப்பதற்கு முன் செய்த ஒன்றையும் விட்டுவிட மனமில்லை. இரண்டு சோதனைக் குழாய்களில் ஒன்றில் வெந்நீரும் மற்றொன்றில் குளிர்ந்த நீரும் நிரப்பி, என்னைக் கண்ணை மூடச்சொல்லி, தோளின் வெவ்வேறு இடங்களில் மாற்றிமாற்றி வைத்து, சூடா குளிரா என்று கேட்டார். அந்தப் பொதிகள் 70 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான நீரில் கிடப்பவை. பல மடிப்புத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். நீரிழிவால் தோலின் உணர்வு மங்கியிருந்தால் சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும். முந்திய இடத்தில் சுற்றிய துணி மெலிதாக இருந்து, தோள் இரண்டு நாள் சிவந்திருந்தது. வலி வாங்கப் போன இடத்தில் இதுவும் சேர்ந்ததுதான் என்று அப்போது விட்டுவிட்டேன். இங்கே 15 நிமிடத்தில் மூன்று முறை திரையை விலக்கி வந்து தோலைப் பார்த்தார்கள்.

டென்ஸ் என்ற மின்தூண்டல் கருவியையும் முதல் மாதம் பயன்படுத்தினார்கள். தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பிழைகளைத் தூண்டினால் தண்டுவடத்திலேயே வலியின் பாதை ஓரளவு அடைபடும் என்ற, 1965இல் மெல்சாக், வால் ஆகிய இருவர் முன்வைத்த ‘கதவுக் கோட்பாடு’ இதற்கு அடிப்படை. அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி மட்டுப்படுகிறதே, அதே கதைதான். எனக்கு மாட்டியிருந்த நேரத்துக்கும் அதற்குப் பிறகு ஓரிரு மணி நேரத்துக்கும் சுகமாக இருந்தது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள்.

இங்கேயும் எனக்கு வலித்தது. இதை மறைத்தால் மதிப்புரை பொய்யாகிவிடும். ஒன்பதாவது அமர்வில் அவர் விடுப்பில் இருந்ததால் வேறொருவர் பார்த்தார். அவரும் கனிவானவர்தான், ஆனால் கப்பிப் பயிற்சியில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊக்கப்படுத்தியதில் நானும் உற்சாகமாகி, எல்லையைத் தாண்டிவிட்டேன். அன்று இரவு 7, மறுநாள் காலை 6. முதல் இடத்தின் நினைவு வந்து, இனிப் போகவே வேண்டாம் என்று படுக்கையில் கிடந்தேன். தொலைபேசியில் சொன்னதும் அவர்கள் மழுப்பவில்லை. அடுத்த அமர்வில் அட்டையைப் பார்த்துவிட்டு, ‘இது எங்க தப்பு, நீங்க பொறுத்துக்கலைன்னு அர்த்தம் இல்லை’ என்றார் என்னுடைய பிசியோதெரபிஸ்ட். கப்பியை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, ஊசல் பயிற்சிக்கும் மெல்லிய மூட்டு அசைவுக்கும் திரும்பினார்கள். என் கோப்பின் முதல் பக்கத்தில் வலி எல்லையைச் சிவப்பு மையில் எழுதினார்கள். அதன்பின் யார் பார்த்தாலும் அதைப் படித்துவிட்டே தொடங்கினார்கள். நான்கு நாளில் இரவு வலி 3க்கு இறங்கியது. பிழை நேர்ந்த பிறகு ஓர் இடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்டிய அந்த வாரம்தான், நான் அங்கே தொடர்வதென்று முடிவெடுத்த வாரமும்கூட.

இதைப் படித்து, வலியே இல்லாமல் நீவிவிட்டு அனுப்புகிற இடம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஏழாவது வாரத்தில், சும்மா இருக்கும்போது வலி 0 அல்லது 1 என்று பத்து நாள் தொடர்ச்சியாக எழுதிய பிறகு, இனி இறுக்கத்தோடு வேலை செய்யலாம் என்றார். அதற்குப் பிறகு நீட்டல்கள் உண்மையாகவே கடினமாக இருந்தன. 5 என்பது கண்ணில் நீர் முட்டாத, ஆனால் பேச்சு தடைப்படுகிற அளவு. 30 விநாடி அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். நான் மூச்சை வெளியே விடுகிற நேரம் பார்த்து ஒரு டிகிரி, அரை டிகிரி கூட்டுவார். வலிக்குப் பயந்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொன்னார். என்ன வேறுபாடு என்றால், இந்த வலி எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் இருக்கும், எப்போது நிற்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நிறுத்துகிற உரிமையும் என்னிடம் இருந்தது. முதல் இடத்திலும் எண் 5ஆகவே இருந்திருந்தால்கூட எனக்கு அது 9ஆகத்தான் பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

இந்த அணுகுமுறை அவருடைய இரக்க குணம் மட்டும் சார்ந்தது என்று நான் முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது அதற்குச் சான்றும் இருப்பது தெரிந்தது. 2004இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 77 நோயாளிகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், வலிக்காத எல்லைக்குள் மட்டும் கையை இயக்கச் சொல்லி விளக்கமும் ஆதரவும் கொடுத்த குழுவில், இரண்டு ஆண்டு முடிவில் 89 விழுக்காட்டினர் இயல்பான அல்லது ஏறக்குறைய இயல்பான, வலியற்ற நிலையை அடைந்தார்கள். வலியின் எல்லைவரையிலும் அதைத் தாண்டியும் நீட்டிய தீவிர சிகிச்சைக் குழுவில் அது 63 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஒன்றை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. என்றாலும், ‘வலிச்சாதான் சரியாகும்’ என்று சொல்கிறவர்களிடம் நோயாளி எடுத்துக்காட்ட ஒன்றாவது இருக்கிறது.

மூன்றாவது மாதம் ரப்பர் பட்டையை இழுத்துத் தசையை வலுவாக்கும் பயிற்சிகள் தொடங்கியபோது வேறு வகை வலி வந்தது. பயிற்சி செய்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மேற்கையும் தோள்பட்டைக்குப் பின்புறமும் அமுக்கினால் கடுக்கும். பழக்கமில்லாத வேலை செய்த தசையில் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வந்து, ஒரு வாரத்துக்குள் தானாகப் போய்விடும் கடுப்பு இது. லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருகிறது என்று பலரும் சொல்வது சரியில்லை, அது ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால், மூட்டு மறுபடியும் கெட்டுவிட்டதோ என்று நான் பதறவில்லை. தசையில் வருகிற கடுப்புக்கும் மூட்டுக்குள் வருகிற குடைச்சலுக்கும் அட்டையில் தனித்தனி எழுத்து போட்டுக்கொண்டோம்.

வீட்டுப் பயிற்சியைச் சுருக்கமாகவே கொடுத்தார்கள்: குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல் போல் ஆட்டுவது, கோலைப் பிடித்து வலக்கையால் இடக்கையை வெளிப்பக்கம் தள்ளுவது, சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏற்றுவது. ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு முறை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் செய்து வலியை வாங்கிக்கொள்வதைவிட இப்படிப் பிரித்துச் செய்வது என் தோளுக்கு ஒத்துவந்தது. இரவுக்கு இரண்டு தலையணை: ஒன்றை மேற்கைக்குக் கீழும், ஒருக்களித்துப் படுக்கும்போது மற்றொன்றை அணைத்துக்கொள்ளவும். இந்தத் தலையணை யோசனை மட்டும் மாத்திரையைவிட அதிகத் தூக்கத்தைக் கொடுத்தது.

குறைகள் இருக்கின்றன. படுக்கைகளுக்கு இடையில் மெல்லிய திரைதான். முழங்கால் அறுவைக்குப் பிறகு வந்த ஒருவர் பக்கத்தில் முனகுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த நாள்களில் என் உடம்பும் இறுகியது. அவரவர் வலி அவரவருக்கு என்றாலும், அது காதுவழியாகத் தொற்றக்கூடியது. ஒலி தடுக்கிற அறை ஒன்றாவது வேண்டும். குறித்த நேரத்துக்குப் போனாலும் இருபது நிமிடமாவது காத்திருக்க வேண்டும், அதுவும் முதுகு சாயாத நாற்காலியில். தோளைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது சின்னக் கொடுமை இல்லை. எல்லோருக்கும் வழக்கமாக அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்லை, ஒலியலைச் சிகிச்சை) வைக்கிறார்கள். தோள் உறைவில் அதற்குப் பெரிய பலன் இருப்பதாகச் சான்று இல்லை என்று நான் படித்ததைச் சொன்னபோது, மறுக்காமல் அந்த நேரத்தைக் கை வேலைக்கு மாற்றிக்கொடுத்தார்கள், ஆனால் கேட்காதவர்களுக்கு இன்றும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பயிற்சித் தாளில் உள்ள படங்கள் எல்லாம் வலக்கைக்கு வரைந்தவை, எழுத்தும் பொடி. ஒன்பதாவது அமர்வில் நடந்ததை மறக்கவும் முடியாது; ஆள் மாறும்போது குறிப்பும் கைமாற வேண்டும் என்பது என் கோப்புக்கு மட்டுமில்லாமல் எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான வழக்கமாக வேண்டும். இவற்றுக்காக ஐந்தில் ஒன்றைக் குறைத்து நான்கு கொடுக்கிறேன்.

எனக்குக் கிடைத்த முன்னேற்றம் முழுவதும் இவர்களால்தான் என்று சொல்ல முடியாது. ஊசியின் பங்கு உண்டு. காலம் செல்லச்செல்லத் தானாகவே விடுகிற நோயும்கூட. இவர்கள் செய்தது, அந்தக் காலத்தை நான் தூங்கியும் வேலை பார்த்தும் கடக்கும்படி வைத்தது. புதிதாக எந்த இடத்துக்குப் போகிறவர்களும், முதல் நாளே ‘வலிச்சா நிறுத்துவீங்களா, நேத்து ராத்திரி வலியைக் கேட்டுட்டு இன்னைக்கு அளவை மாத்துவீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்கிறவரின் முகத்தையும் பாருங்கள். காய்ச்சல், தோள் வீங்கிச் சிவத்தல், கை மரத்துப்போதல், திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பிசியோதெரபிக்குப் போகாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

கடைசி அளவீட்டில் வெளிச்சுழற்சி 45 டிகிரி, பக்கவாட்டு உயர்வு 140 டிகிரி. முதுகுப்பக்கம் கட்டைவிரல் இடுப்புவரைதான் எட்டுகிறது. அதுதான் கடைசியில் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இப்போது மாதம் இரண்டு அமர்வு அதற்காக மட்டும் போகிறேன். போன வாரம் ஒரு நாள் விடிந்து எழுந்த பிறகுதான், இடப்பக்கம் ஒருக்களித்தே இரவு முழுவதும் தூங்கியிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். அன்றைய இரவுக்கான கட்டத்தில் 0 என்று எழுதி அட்டையை எடுத்துச் சென்றேன்.